எண்ணப்பட்ட சட்டை, எண்ணப்படாத ஆள்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி, "அண்ணே, உலக வர்த்தகம் பத்திப் பேசுங்க" என்றார். நான் பொருளாதாரம் படித்தவனில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் உலக வர்த்தகத்தை இந்தக் கையால் எண்ணியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் வந்தேன்.

1996இலிருந்து நாலு வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருந்தேன். மடித்த பனியனைக் கவரில் போட வேண்டும், அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும், பெட்டி மேல் எண்ணிக்கை எழுத வேண்டும். எங்க சூப்பர்வைசர் ஒரே பாட்டைத் தினமும் பாடுவார்: "டேய், ஒரு பீஸ் குறைஞ்சாலும் கூடுனாலும் சரக்கு கடலுக்கு அந்தப் பக்கம் நின்னு போயிரும்." ஐரோப்பாவுக்குப் போகிற டீ-சர்ட்டுக்கு 4 என்று வகை எண். அமெரிக்காவுக்குப் போனால் அதே பனியனுக்கு 338, 339. ஐரோப்பா என்றால் ஏற்றுமதி லைசன்ஸ் வேண்டும். அமெரிக்கா என்றால் இன்வாய்ஸில் ஒரு முத்திரை குத்த வேண்டும். அந்த முத்திரைக்குப் பெயர் என்ன தெரியுமா? விசா. ஆமாம் தோழர்களே, துணிக்கு விசா. நாங்க டீ குடிக்கப் போற கடையில எங்களுக்குத் தனி டம்ளர். நாங்க மடிச்ச பனியனுக்கு விசா.

ஒரு ராத்திரி ஷிப்டில் மெஷினில் இருந்த ஒரு அக்காவுக்கு ஊசி ஒடிந்து விரலில் ஏறிவிட்டது. எங்க பக்கத்து ஊர்ச் சேரிதான் அவர்களுக்கு. உடனே லைனை நிறுத்தினார்கள். அடடா, இரக்கப்பட்டு நிறுத்தினார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஊசித் துண்டு பனியனுக்குள் போய்விட்டால் வெளிநாட்டுக்காரன் சரக்கையே திருப்பிவிடுவான். அதனால் தேடினார்கள். பனியனில் தேடினார்கள், தரையில் தேடினார்கள், கடைசியில் அந்த அக்கா விரலிலிருந்து எடுத்தார்கள். எடுத்த துண்டைத் துடைத்து நோட்டில் ஒட்டினார்கள். ஊசி ஒடிந்த நேரம், மெஷின் நம்பர், துண்டு கிடைத்ததா என்று அந்த நோட்டில் கட்டம் கட்டமாக இருந்தது. ரத்தம் பட்ட பனியன் ஒன்று, டேமேஜ் கணக்கில் ஏறியது. விரலுக்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை. மறுநாள் வராததால் அக்காவுக்கு ஒருநாள் கூலி போனது. அந்தக் கட்டம் மட்டும் சம்பள நோட்டில் இருந்தது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எதை எண்ண வேண்டும், எதை எண்ண வேண்டாம் என்று யாரோ முடிவு பண்ணுகிறார்கள். அந்த முடிவு எங்க கம்பெனியில் மட்டும் எடுக்கப்பட்டதில்லை. நாடுகள் மேசை போட்டு உட்கார்ந்து எடுத்தன. அந்த மேசையைக் கொஞ்சம் பார்ப்போம்.

துணியை எண்ணுகிற வேலை ரொம்பப் பழசு. 1957இல் அமெரிக்கா ஜப்பானை உட்காரவைத்து, பருத்தித் துணி ஏற்றுமதியைத் 'தானாகவே' கட்டுப்படுத்திக்கொள்ள வைத்தது. 1962இல் பருத்திக்கு நீண்டகால ஏற்பாடு என்று ஒன்று வந்தது. 1974இல் செயற்கை இழை, கம்பளி எல்லாவற்றையும் சேர்த்துப் பல்லிழை ஒப்பந்தம் வந்தது. எந்த நாடு, எந்த வகைத் துணியை, ஆண்டுக்கு எத்தனை அனுப்பலாம் என்று கோட்டா போட்டார்கள். சுதந்திர வாணிபம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிய பணக்கார நாடுகள், தங்கள் மில்லுக்கு ஆபத்து என்றதும் தடுப்புச் சுவர் கட்டின. 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்ததும் இந்தச் சுவரைப் பத்து வருஷத்தில் இடிப்பதாக ஒத்துக்கொண்டார்கள். 1995இல் 16 விழுக்காடு, 1998இல் 17, 2002இல் 18. மிச்சம் 49 விழுக்காட்டைக் கடைசி நாள் வரைக்கும் இழுத்து, 2005 ஜனவரி 1 அன்றுதான் விட்டார்கள். நான் திருப்பூரில் பெட்டி மேல் எழுதிய எண்ணெல்லாம் அந்தச் சுவரில் ஒரு செங்கல்.

சுவர் இடிந்த நாலே மாதத்தில் என்ன நடந்தது? சீனாவின் துணி ஐரோப்பாவுக்குள் வெள்ளமாய் வந்தது. 2005 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் விசாரணை ஆரம்பித்தது. அதற்கு வழியும் முன்கூட்டியே இருந்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோதே, துணி விஷயத்தில் 2008 முடிய மற்ற நாடுகள் தடை போடலாம் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ஜூன் 10 அன்று ஷாங்காயில் ஐரோப்பிய வணிக ஆணையர் பீட்டர் மேன்டல்சனும் சீன வணிக அமைச்சர் போ சிலாயும் கையெழுத்துப் போட்டார்கள். டீ-சர்ட், ஸ்வெட்டர், பேன்ட், பிளவுஸ், பிரா, படுக்கை விரிப்பு என்று பத்து வகை. ஆண்டுக்கு 8 முதல் 12.5 விழுக்காடு வரைதான் கூடலாம், 2007 முடிய.

ஆனால் கடைக்காரர்கள் அதற்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் கோட்டா நிரம்பியது. ஏறத்தாழ 8 கோடி உருப்படிகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் மாட்டிக்கொண்டன. பத்திரிகைகள் இதற்குப் 'பிரா யுத்தம்' என்று பெயர் வைத்துச் சிரித்தன. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் மில் முதலாளிகள் ஒரு பக்கம், சுவீடன், டென்மார்க் கடை முதலாளிகள் மறுபக்கம். செப்டம்பர் 5 அன்று பெய்ஜிங்கில் திரும்பவும் பேசினார்கள். தேங்கியதில் பாதிச் சுமையை ஐரோப்பா ஏற்றுக்கொண்டது, மறுபாதியைச் சீனா தன் ஒதுக்கீட்டில் கழித்துக்கொண்டது. நவம்பர் 8 அன்று அமெரிக்காவும் சீனாவோடு தனியாக ஒப்பந்தம் போட்டு, 34 வகைகளுக்கு 2008 முடிய கோட்டா வாங்கியது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2007 முடியப் போகிறது, ஐரோப்பியக் கோட்டாவும் முடியப் போகிறது. திரும்பவும் தடை போட்டால் கடைக்காரர் கத்துவார், சும்மா விட்டால் மில்காரர் கத்துவார். அதனால் அக்டோபரில் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் இரட்டைச் சரிபார்ப்பு. பத்து வகையில் எட்டுக்கு, 2008 ஒரு வருஷத்துக்கு மட்டும். தடை கிடையாது, அளவு கிடையாது, கண்காணிப்பு மட்டும்தான். சரக்கை அனுப்புகிறவர் சீன அரசிடம் ஏற்றுமதி லைசன்ஸ் வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தை இறக்குகிறவர் தன் நாட்டு அரசிடம் காட்டினால், அங்கே இறக்குமதி அனுமதி தானாகக் கிடைக்கும். இங்கே ஒரு கணக்கு, அங்கே ஒரு கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கப்பல் வந்து சேரும் முன்பே எத்தனை பிரா வருகிறது என்று பிரஸ்ஸல்ஸில் தெரிந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. இரண்டு பெரிய அரசுகள், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதிகாரிகளை வைத்து, ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொரு டீ-சர்ட்டையும் இரண்டு தடவை எண்ணியிருக்கின்றன! மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அனுப்பியவர் யார், வாங்கியவர் யார், என்ன வகை, எத்தனை உருப்படி என்று எல்லாவற்றுக்கும் காகிதத்தில் கட்டம் உண்டு. தைத்தவர் யார், எத்தனை மணிநேரம் தைத்தார், கூலி கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்குக் கட்டம் இல்லை. எங்க கம்பெனி ஊசி நோட்டுதான் இது. கொஞ்சம் பெரிய நோட்டு, அவ்வளவுதான்.

தைத்தவர் யார் என்று நாமாவது கேட்போம். பெரும்பாலும் கிராமத்திலிருந்து கடற்கரை நகரங்களுக்கு வந்த பெண்கள். சீனாவில் 'ஹுகோ' என்று ஒரு குடும்பப் பதிவு முறை 1958இலிருந்து இருக்கிறது. கிராமப் பதிவில் பிறந்தவர் நகரத்தில் பத்து வருஷம் தைத்தாலும் கிராமத்தார்தான். நகரத்தின் பள்ளிக்கூடம், மருத்துவம், வீடு எதுவும் நகரப் பதிவு உள்ளவருக்குக் கிடைப்பது போல அவருக்குக் கிடைக்காது. 1998 வரை தாயின் பதிவுதான் பிள்ளைக்கும். இதைச் சாதி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பதிவை மாற்ற வழியுண்டு, குறுகலான வழி என்றாலும் உண்டு. சாதியை மாற்ற எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது? ஆனால் பிறந்த இடம் மனுசரின் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு அங்கே அரசு அங்கீகரித்த ஒரே ஒரு சங்கம்தான். வேறு சங்கம் வைக்க முடியாது.

அந்தப் பெண்களுக்காக ஒரு சட்டம் வந்தது. வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கொடுக்க வேண்டும், நினைத்த நேரத்தில் வெளியே அனுப்ப முடியாது என்கிற தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம். அதன் வரைவை 2006 மார்ச்சில் மக்கள் கருத்துக்கு வைத்தார்கள். 1,90,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. ஆட்சேபித்து எழுதியவர்களில் யார் இருந்தார்கள் தெரியுமா? ஷாங்காயில் இருந்த அமெரிக்க வணிகச் சங்கம் இருந்தது, சீனாவில் இருந்த ஐரோப்பிய வணிகச் சங்கம் இருந்தது. செலவு கூடிவிடும், முதலீடு குறைந்துவிடும் என்றார்கள். விஷயம் வெளியே வந்து கண்டனம் எழுந்த பிறகு ஐரோப்பியச் சங்கம் இறங்கிவந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2008 ஜனவரி 1. துணியை இரண்டு தடவை எண்ண ஆரம்பித்த நாளும் அதே 2008 ஜனவரி 1. இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பிய அரசியல் துணியை எண்ணச் சொன்னது, ஐரோப்பிய முதல் ஆளை எண்ணாதே என்றது.

சரி, துணியோடு சேர்த்து ஆளையும் எண்ண முடியுமா? நடைமுறைக்கு ஒத்துவருமா? ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். 1999 ஜனவரியில் அமெரிக்காவும் கம்போடியாவும் ஒரு துணி ஒப்பந்தம் போட்டன. அதிலும் கோட்டா உண்டு. ஆனால் ஒரு புது நிபந்தனை சேர்ந்தது. ஆலைகளில் தொழிலாளர் சட்டம் மதிக்கப்பட்டால் ஆண்டுக்கு 14 விழுக்காடு வரை கோட்டா கூடும். யார் போய்ப் பார்ப்பது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ. 2001இலிருந்து அதன் ஆட்கள் ஆலைக்குள் போனார்கள். கழிவறை இருக்கிறதா, ஓவர்டைம் கட்டாயமா, சங்கத்தில் சேர்ந்தவரை நீக்கினார்களா என்று பார்த்தார்கள். திருத்தாத ஆலைகளின் பெயரை அறிக்கையில் போட்டார்கள். முதலாளிக்கு ஆளை எண்ணுவது லாபக் கணக்காக மாறியது, அதனால் எண்ணினான்.

2004 முடிவில் கோட்டா செத்தது. பரிசாகக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. கண்காணிப்பு தொடர்ந்தது, ஆனால் 2006 வாக்கில் ஆலைப் பெயர்களை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஆரம்பித்தது 2014இல். அதே 2014 ஜனவரி 3 அன்று புனோம் பென்னில் கூலி உயர்வு கேட்டுத் தெருவுக்கு வந்த ஆடைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. குறைந்தது நாலு பேர் செத்தார்கள். மாதத்துக்கு 160 டாலர் கேட்டதுதான் குற்றம். ஆகவே கம்போடியாவைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. முடியாது என்று சொல்கிறவனுக்குப் பதில் என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார், எனக்குத் தெரியும். "தோழர், தொழிலாளர் உரிமை என்று சொல்லிக்கொண்டு பணக்கார நாடு நம் ஏற்றுமதியைத் தடுக்கப் பார்க்கிறதே, நீங்கள் அதற்குத் துணை போகிறீர்களா?" இது லேசான கேள்வியில்லை. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் முதல் அமைச்சர்கள் மாநாடு நடந்தபோது இதே சண்டைதான். வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமையைச் சேர்க்கக் கூடாது, அதை ஐ.எல்.ஓ. பார்த்துக்கொள்ளட்டும் என்று முடித்தார்கள். முன்னின்று எதிர்த்த அரசுகளில் இந்தியாவும் ஒன்று. நம் மத்தியத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. அமெரிக்காவுக்கு நம் சேரிப் பெண் மீது திடீர்ப் பாசம் வரக் காரணமில்லை. சரக்கு நின்றால் முதலில் வேலை போவதும் அவளுக்குத்தான்.

ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. இந்திய அரசு என்ன சொன்னது? சாதி இனமில்லை, அது உள்நாட்டு விவகாரம் என்றது. கவனியுங்கள் தோழர்களே. பனியன் வெளிநாட்டு விவகாரம். அதற்கு லைசன்ஸ் உண்டு, விசா உண்டு, இரண்டு அரசு உட்கார்ந்து பேசும். பனியன் தைத்தவள் உள்நாட்டு விவகாரம். இன்னும் உள்ளே போனால் ஊர் விவகாரம், அதற்கும் உள்ளே போனால் கம்பெனி விவகாரம். 'உள் விவகாரம்' என்கிற சொல் நமக்குப் புதுசா? ஊர்ப் பஞ்சாயத்து போலீசை உள்ளே விடாமல் வைத்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனவே நான் எல்லைக்காரனையும் நம்பவில்லை, உள்நாட்டுக்காரனையும் நம்பவில்லை. அப்படியானால் யாரை நம்புவது?

நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். பிடிபட்டவன் அதே ஆலையின் சூப்பர்வைசர். கொலைக்கு முன்பே அவள் அவனால் தொல்லைப்பட்டிருந்தாள் என்று வீட்டாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அந்த ஆலைத் துணிக்கு எத்தனையோ தணிக்கை நடந்திருக்கும். அவள் பட்ட தொல்லைக்குக் கட்டம் இருந்ததா? தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும், அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. பாலியல் தொல்லைக்கு எதிரான ஒப்பந்தம். சாதியையும் அதில் எழுதினார்கள். ஆலைத் தளத்தைக் கண்காணிப்பது யார்? அங்கே வேலை செய்கிற பெண்களே. சங்கம் பரிந்துரைத்து, பயிற்சி கொடுத்து நிறுத்திய பெண்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழ் அந்த ஆலையின் சரக்கை எல்லையில் நிறுத்தச் சொன்னது. பெண்கள் ஒப்பந்தம் எழுதி மூணு மாசம் கழித்து! சரக்கு நின்றால் யாருக்கு வேலை போகும்? எந்தப் பெண்கள் போராடி நிலைமையை மாற்றினார்களோ அவர்களுக்குத்தான். செப்டம்பரில் அந்தத் தடையை விலக்கினார்கள். விலக்க உதவிய சாட்சியங்களில் முக்கியமானது அந்தப் பெண்கள் வாங்கிய ஒப்பந்தம். எல்லைக் காகிதம் தாமதமாக வந்தது. பெண்கள் எழுதிய காகிதம் முன்னால் வந்தது, பிறகு அதுதான் எல்லைக் கதவையும் திறந்தது.

யாரை நம்புவது என்று கேட்டேனே, பதில் இதுதான். கண்காணிப்பு வேண்டும். அந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும். நாடுகள் பேசட்டும், ஒப்பந்தம் போடட்டும். துணிக்கு நாலு கட்டம் இருக்கிற காகிதத்தில் ஐந்தாவதாக ஆளுக்கும் ஒரு கட்டம் போடு என்று கேட்போம். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்புவது சுங்க அதிகாரியோ கம்பெனி தணிக்கையாளரோ என்றால் ஊசித் துண்டை மறுபடி பனியனில்தான் தேடுவான். மெஷினில் உட்கார்ந்திருப்பவளின் சங்கம் நிரப்ப வேண்டும்.

1928இல் பம்பாய் மில் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் செய்தது இதைத்தான். அந்த மில்களில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களைச் சேர்ப்பதில்லை. நாடாவில் நூலை வாயால் இழுக்க வேண்டும், நம் எச்சில் பட்டால் மற்றவனுக்குத் தீட்டு. வேலைநிறுத்தத் தலைவர்களின் கோரிக்கைப் பட்டியல் நீளமாக இருந்தது, இது மட்டும் அதில் இல்லை. இதையும் பட்டியலில் எழுது என்றார் அண்ணல். அவர் முதலாளியிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை, தோழனிடமும் கேட்டார்.

மாணவத் தோழர்களே, ஒப்பந்தம் என்று பேப்பரில் வந்தால் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். நீங்கள் போட்டிருக்கிற சட்டையைப் பற்றித்தான் அங்கே பேசுகிறார்கள். எடுத்துப் படியுங்கள். என்னென்ன கட்டம் இருக்கிறது, எந்தக் கட்டம் இல்லை என்று பாருங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற நம் பிள்ளைகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை மணிக்கு வேன் வருகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது, கையில் வருவது எவ்வளவு, யார் கை எங்கே படுகிறது என்று கேட்டு எழுதுங்கள். இல்லாத கட்டத்தை நாமே போடுவோம்.

அந்த அக்கா விரலில் தையல் போட்ட தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. போன பொங்கலுக்குப் பார்த்தேன். பெத்த பொண்ணு இப்போ பனியன் கம்பெனிக்குப் போகுதாம். "சங்கத்துல சேத்து உடு தம்பி" என்றார்கள். சேர்த்துவிட்டேன்.

ஜெய்பீம்.